விளிம்பில் ஒரு பிக்சல்

நுண்ணோக்கிப் படத்தில் எந்தப் பிக்சல் எந்தச் செல்லைச் சேர்ந்தது என்று கணினி கற்றுச் சொல்ல வேண்டுமானால், பெரும்பாலும் அதற்கு முன் யாரோ ஒருவர் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கோடு போட்டிருக்க வேண்டும். கோட்டுக்குள் அடங்கும் பரப்புக்கு மாஸ்க் என்று பெயர். இந்திய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு திசுப் படத் தொகுப்பில், 30 படங்களில் மட்டும் 21,000க்கும் அதிகமான செல் உட்கருக்கள் இப்படிக் கையால் வரையப்பட்டவை. அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வகத்தில் உருவான செல்போஸ் மென்பொருள் முதலில் கற்றதும் 70,000க்கு மேற்பட்ட மாஸ்க்குகளிலிருந்துதான். இந்தக் கோடுகளைத் துறையினர் 'கிரவுண்ட் ட்ரூத்' என்கிறார்கள், அடிப்படை உண்மையாம். பெயர் கொஞ்சம் அதிகம். அவை பயிற்சி பெற்ற கண்களின் கருத்துகள். ஆகவே எந்தத் தொகுப்பானாலும் அதில் ஒரு பகுதியையாவது இன்னொருவரைத் தனியாக வரையச் சொல்லி, இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

20 பிக்சல் விட்டமுள்ள வட்டமான செல்லை எடுத்துக்கொள்வோம். மங்கிய விளிம்பில் ஒருவர் ஒரு பிக்சல் வெளியே தள்ளி வரைந்தால் பரப்பு 21 விழுக்காடு கூடிவிடும். இன்னொருவர் ஒரு பிக்சல் உள்ளே வரைந்தால் 19 விழுக்காடு குறையும். இருவரும் கவனமானவர்களே. ஆனால் இரண்டு மாஸ்க்குக்கும் பொதுவான பரப்பை இரண்டும் சேர்ந்து அடைக்கும் பரப்பால் வகுத்தால் 0.67தான் வருகிறது. 0.75 இருந்தால்தான் சரி என்று வைத்துத் திருத்தினால் ஒருவர் கணக்கில் மற்றவர் ஃபெயில். ஒட்டிக்கிடக்கும் செல்களில் சிக்கல் இன்னும் கூடுதல். வழக்கமான மாஸ்க் கோப்பில் பின்னணிக்கு 0, செல்களுக்கு 1, 2, 3 என்று ஒரு பிக்சலுக்கு ஒரே எண்தான். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் வரைபவரே பாகப்பிரிவினை செய்தாக வேண்டும், பத்திரம் எழுதாமல்.

ஆயிரக்கணக்கில் வரையும்போது பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பார்கள். கை நடுக்கம் ஈடுகட்டும், பழக்கம் ஈடுகட்டாது. எப்போதும் வெளியே தள்ளி வரைகிறவரிடம் கற்ற கணினி எல்லாச் செல்லையும் பெரிதாகவே காட்டும். ஓர் ஆய்வகத்தின் அளவை இன்னோர் ஆய்வகத்தின் அளவோடு ஒப்பிடும்போது, வித்தியாசம் செல்லில் இருக்கிறதா வரைந்த கையில் இருக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. தொகுப்புக்குத் தொகுப்பு வரையும் பாணி மாறுகிறது என்பதை செல்போஸ் குழுவே 2022இல் காட்டியது. இரண்டு முறை வரைந்தால் செலவு என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. ஒரு செல்லுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் 21,000 செல்லுக்கு 175 மணி நேரம் ஆகும். ஆனால் நூற்றுக்கு ஐந்தை மட்டும் மறுபடி வரைய ஒன்பது மணி நேரம் போதும். கணினி போட்ட கோட்டை மனிதர் திருத்தினாலே போதாதா என்றும் கேட்கலாம். வேகத்துக்கு அது நல்ல வழிதான். ஆனால் கண்முன் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தால் கை அதன்பக்கமே சாயும். இரண்டாமவர் கோடில்லாத படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொகுப்பு வெளியிடும் ஆய்வகங்கள் அந்த இரண்டாவது கோப்பையும், விளிம்பை எங்கே வைக்கும்படி வரைபவர்களுக்குச் சொன்னார்களோ அந்த விதியையும் சேர்த்துத் தரட்டும்.