ஒரு சின்ன 'அ' போதும்!



நம் திருவண்ணாமலைக்கு ரமணாசிரமம், கிரிவலம் என்று வெளிநாட்டினர் பலர் வருகிறார்கள். செங்கம் சாலையில் அவர்களைப் பார்த்தால், "வாட் இஸ் யுவர் நேம்?" என்று தைரியமாகக் கேட்கிறீர்கள். பாராட்டுகிறேன்! ஆனால், "உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டதும் சிலர் நழுவிவிடுகிறீர்கள். ஏன்?

பதில் சொல்பவர்களும், "மை ஃபாதர் இஸ் டிரைவர்" என்கிறார்கள். தமிழில் "என் அப்பா டிரைவர்" என்றாலே போதும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொள்கிறது. அங்கே, "மை ஃபாதர் இஸ் அ டிரைவர்" என்பதே முறை. டிரைவர்கள் பலர்; அவர்களில் என் அப்பாவும் ஒருவர் என்று பொருள்.

'ஏ' என்று அழுத்த வேண்டாம். பேச்சில் 'அ' என்று மெல்லச் சொன்னால் போதும். தமிழில் ஒரு மரம், ஓர் ஆலமரம் என்கிறோம் அல்லவா? அதுபோல, அடுத்த சொல் உயிர் ஒலியில் தொடங்கினால் 'அன்' வரும். அன் இன்ஜினீயர், அன் ஆட்டோ டிரைவர். எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். 'எ' என்ற ஒலியில் தொடங்குவதால் அன் எம்.எல்.ஏ.!

ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவி என்றால் 'அ' வராது. அப்துல் கலாம் 'அ சயன்டிஸ்ட்'. விஞ்ஞானிகள் பலர் உண்டு. 2002-ல் அவர் 'பிரசிடென்ட் ஆஃப் இந்தியா' ஆனார். நாட்டுக்கு ஒரே ஜனாதிபதிதானே!

நண்பன் 'அ'வை விட்டுவிட்டால் கேலி செய்யாதீர்கள். பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தொழிலைச் சொல்லும்போது பொதுவாக இப்படிச் சேர்ப்பதில்லை. ரஷ்ய மொழியில் இப்படி ஒரு சொல்லே கிடையாது. அந்த நாட்டவர்களும் ஆங்கிலம் பேசும்போது இதே இடத்தில் தடுமாறலாம். பேசப் பேசத்தான் சரியாகும்.

தவறாகப் பேசுவதைவிட, பெற்றோரின் வேலையைச் சொல்லக் கூசி வாய்மூடி நிற்பதுதான் எனக்கு வருத்தம். அம்மா கோயில் வாசலில் பூ விற்கிறாரா? அப்பா ஆரணியில் பட்டு நெய்கிறாரா? அந்த உழைப்பில்தானே நீங்கள் படிக்கிறீர்கள்! 'அ டாக்டர்' என்றாலும், 'அ வீவர்' என்றாலும் முன்னால் நிற்பது அதே 'அ'தான். ஆங்கில இலக்கணம் எந்தத் தொழிலையும் உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை. நாம் மட்டும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

இன்றே வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் வேலையையும் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். நாளை யார் கேட்டாலும் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்: "மை மதர் இஸ் அ ஃப்ளவர் செல்லர்!"