காயத்தோடு நேர்முகப் பரீட்சைக்குப் போவதா, தவணை கேட்பதா?

நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் வாசலுக்கு வருவது அடிக்கடி நடக்கும் காரியமன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அது இன்னும் அருமையாகிவிட்டது. அப்படி வந்த கிழமையிலேயே பிள்ளை கையை முறித்துக்கொண்டால், அல்லது காலை வெட்டிக்கொண்டால், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். ஒன்றில், நோவை மறைக்கச் சொல்லி முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். அல்லது, "எங்கடை தலைவிதி" என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒருவரிடமும் வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள். அழைத்தவரிடம் காரணத்தைச் சொல்லி வேறு நாள் கேட்பது மூன்றாவது வழி. எம்மவர் ஏன் அந்த வழியால் போவதில்லை, எப்போது போக வேண்டும் என்பதே இங்கு எமது பேச்சு.

எமது வாசகர்கள் மண்ணோடு வாழ்ந்தவர்கள். வலிகாமம் வடக்கில் 1990 ஆம் ஆண்டு செம்மண் தோட்டங்களை விட்டு எழும்பியவர்களும், போரின் இறுதிக் காலத்தில் கேப்பாப்புலவில் காணிகளை விட்டு வந்தவர்களும் இவர்களுள் உளர். கட்டங்கட்டமாகக் காணிகள் விடப்பட்டபோதிலும் அவை முழுவதும் உரியவர் கைக்கு இன்னமும் வந்து சேரவில்லை. தன் காணியில் நின்றவர் தன் கிணறு, தன் இயந்திரம், தன் மண்வெட்டி என்று அவற்றின் குணமறிந்து வேலை செய்தார். இன்று அவருடைய மகன் பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்கிறான். பழைய லாண்ட்மாஸ்டரைக் கைபிடி போட்டுச் சுழற்றும்போது அது திருப்பி அடித்து மணிக்கட்டை முறிக்கிறது. ஈரவரம்பில் மண்வெட்டி வழுக்கிப் பாதத்தில் இறங்குகிறது. உயர்தரம் சித்தியடைந்த பிள்ளையும் கடிதம் வரும்வரை இந்த வேலைகளைத்தான் செய்கிறது. ஆகவே காயமும் நேர்முகப் பரீட்சையும் ஒரே கிழமையில் சந்திப்பது நாம் நினைப்பதைவிடச் சாதாரணம். (வேலையிடத்துக் காயங்களுக்கென 1934 ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று வந்தது. நாட்கூலிக்காரர் அதைத் தேடிப் போவது அபூர்வம். அதை வேறொரு முறை பேசுவோம்.)

மூத்தவர்கள் சொல்லும் நியாயம் எமக்குத் தெரியும். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த தொண்ணூறுகளின் முற்பகுதியில், கொழும்பில் ஓர் அலுவல் என்றால் கிளாலியில் இரவு வள்ளம் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. அந்த நீரேரியில் சூடுபட்டு இறந்தவர்கள் பலர். அப்படிப் போய் வேலை பெற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் இன்று ஓய்வூதியம் எடுக்கும் வயதில் இருக்கிறார்கள். "நாங்கள் கிளாலியாலை போனனாங்கள். உனக்கு ஒரு கட்டுப் போட்டவுடனை ஏலாதோ தம்பி?" என்று அவர்கள் கேட்கும்போது இளையவர் வாயடைத்துப் போகிறார். அந்த மனவுறுதியை நாம் மதிக்கிறோம். ஆனால் அன்று அவர்கள் துணிந்தது வேறு வழி இல்லாதபடியால். கேட்பதற்குத் தொலைபேசி இருக்கவில்லை. கடிதம் நாளுக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையும் இருக்கவில்லை. வழியில்லாத காலத்தில் பட்ட பாட்டை வழியுள்ள காலத்துப் பிள்ளைக்குச் சட்டமாக்குவது நியாயமாக எமக்குப் படவில்லை.

வாய் திறவாமல் இருந்துவிடுவோரின் காரணம் வேறு. அது நிவாரண வரிசையில் நாம் கற்ற பாடம். அரிசியும் மாவும் பங்கிடும் நாளில் அட்டையோடு நின்றவருக்குக் கிடைத்தது. காய்ச்சலில் கிடந்தவருக்கும் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தவளுக்கும் "அடுத்த முறை பாப்பம்" என்ற பதில் கிடைத்தது. பதிவு நாளில் இல்லாதவரின் பெயர் வெட்டுப்பட்டது. அலுவலகம் என்றால் இதுதான் என்று எம் மனதில் ஊறிவிட்டது: சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், வரிசையில் ஆளாக நில், நில்லாவிட்டால் உனக்கு ஒன்றுமில்லை. வேலைக்கு அழைப்பது அந்த மாதிரியான காரியம் அன்று. அங்கே நாம் இரந்து பெறப் போகவில்லை. அவர்களுக்கு ஓர் ஆள் தேவை. விண்ணப்பத்தைப் பார்த்து, இவர் பொருத்தமாகலாம் என்று எண்ணியே அழைத்திருக்கிறார்கள். காயம் பட்டதைச் சொல்லி நாள் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சொல்லாமல் விடுபவரைத்தான் அவர்கள் அக்கறையில்லாதவர் என்று எண்ணுவார்கள்.

கேட்டால் எல்லோரும் தருவார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். குறித்த தினத்தில் சமுகமளிக்காதவர்களுக்கு வேறு தினம் வழங்கப்படமாட்டாது என்ற வாசகம் அரச பதவிகளுக்கான கடிதங்களின் அடியில் பலவேளை இருக்கும். அந்த வரியைக் கண்டவுடன் கடிதத்தை மடித்துவிடாதீர்கள். நூற்றுக்கணக்கானோர் அழைக்கப்படும்போது நேர்முகச் சபை ஒரே நாளில் கூடி முடிப்பதில்லை. நாட்கணக்கில் தொடர்ந்து இருக்கும். கலைந்துபோன சபையை ஒருவருக்காக மீண்டும் கூட்டுவது கடினம். செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் உள்ள ஒருவரை அடுத்த திங்கட்கிழமைப் பட்டியலுக்கு மாற்றுவதோ ஒரு தாளிலிருந்து மற்றத் தாளில் பெயரை எழுதும் வேலை. ஆகவே "வேறொரு தினம் தாருங்கள்" என்று பொதுப்படக் கேட்பதைவிட, "சபை கூடும் கடைசி நாளில் என்னை அழையுங்கள்" என்று கேட்பது பலிக்கக்கூடிய கேள்வி. நேர்முகம் எத்தனை நாள் நடக்கிறது என்பதை முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள். எழுத்துப் பரீட்சையின் கதை வேறு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடக்கும் பரீட்சையை ஒருவருக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

தனியாரிடம் இது இலகு. ஆடைத் தொழிற்சாலை போன்று ஆள் எடுப்பது ஓயாமல் நடக்கும் இடங்களில் ஒரு தொலைபேசி அழைப்பே போதுமாகலாம். ஒரேயொரு வெற்றிடத்தை அவசரமாக நிரப்பும் தொண்டு நிறுவனத் திட்டம் என்றால் இரண்டு நாள் பிந்தினாலே இன்னொருவர் அந்தக் கதிரையில் இருப்பார். அங்கே, போகக்கூடிய நிலையில் இருந்தால் போவதே மேல். அல்லது கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேச முடியுமா என்று கேட்கலாம். 2020 ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்திலிருந்து பல நிறுவனங்களுக்கு அது பழகிப்போன காரியம்.

எந்தக் காயத்துக்கு நாள் கேட்பது? பயணம் தாங்குமா, தலை தெளிவாக இருக்குமா என்ற இரண்டையும் பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பரந்தனால் சுற்றிப் போவது நூறு கிலோமீற்றருக்கு மேல். இருக்கை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. பாதத்தில் தையல் போட்டவர் அந்தத் தூரம் காலைத் தொங்கவிட்டு, அல்லது நின்றுகொண்டு போனால் கால் வீங்கும், தையல் பிரியவும் கூடும். தலையில் அடிபட்டு மயங்கியவரோ சத்தி எடுத்தவரோ, வைத்தியசாலையில் வீட்டுக்கு விட்டிருந்தாலும், அடுத்த நாளே பயணம் போகலாகாது. பாம்புக்கடிக்கு மருந்தேற்றி வந்தவரும் அப்படியே. கடுமையான நோமாத்திரை சிலருக்கு நித்திரை மயக்கத்தைத் தரும். பெயரைக் கேட்டால் ஊரைச் சொல்லும் நிலையில் சபைக்கு முன் இருந்து என்ன பயன்?

கையில் பத்துப் போட்டிருக்கிறது, வேறு தொல்லை இல்லை என்றால் போகலாம் என்பதே எமது எண்ணம். அரச ஆட்சேர்ப்பில் இருவகை நேர்முகம் உண்டு. பொது நேர்முகப் பரீட்சை என்பது தகைமைகளைச் சரிபார்ப்பது; அதற்குப் புள்ளி இல்லை. மூலச் சான்றிதழ்களைக் காட்டினால் போதும். பையைத் திறக்க இன்னொருவர் கூட வரலாம். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சைக்குப் புள்ளி உண்டு. அங்கே மந்தமான தலையோடு போவது நட்டம். தட்டச்சு, வாகனம் ஓட்டுதல் போன்ற செயன்முறைச் சோதனை இருந்தால் அதை மட்டும் பின்போடும்படி கேட்கலாம். எதைக் கேட்டாலும் குறைந்த நாளைக் கேளுங்கள். முன்கை முறிவுக்குப் போட்ட பத்தை எடுக்க ஆறு கிழமை வரை செல்லும். எந்தச் சபையும் அவ்வளவு காலம் காத்திராது. வீக்கம் வற்றி நித்திரை கொள்ளக்கூடிய நிலை வர எத்தனை நாள் என்று வைத்தியரிடம் கேட்டு, அந்த நாளை மட்டும் எழுதுங்கள்.

இனிச் செய்ய வேண்டிய வேலை. முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். யாரோடு பேசினீர்கள், எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். பின்பு எழுதுங்கள். பதவியின் பெயர், கடிதத்தின் இலக்கமும் திகதியும், நேர்முகத் தினம், காயம் பட்ட நாள், எந்த வைத்தியசாலை, எந்த நாள் முதல் வர முடியும், தொலைபேசி இலக்கம். இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். இடப்பெயர்வின் கதையை அதில் எழுத வேண்டாம். இரக்கத்துக்குரிய கடிதம் பிந்தித்தான் வாசிக்கப்படும், திகதி உள்ள கடிதம் உடனே கோவைக்குப் போகும். தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். கொழும்பிலுள்ள திணைக்களத்தோடும் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. அரச வைத்தியரின் சான்றிதழின் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாள் போதாவிட்டால் அதைப் படம் பிடித்து மின்னஞ்சலிலும் அனுப்பலாம்.

இங்கே எம்மவர் அடிக்கடி சறுக்குகிறார்கள். எலும்பு முறிந்தால் வைத்தியசாலைக்குப் போகாமல் நேரே முறிவு நெரிவு வைத்தியரிடம் போவார்கள். அவர் கைராசிக்காரராக இருக்கலாம், கட்டும் நன்றாக இருக்கலாம். கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இராது. பதிவு பெற்ற வைத்தியர் என்றால் சான்றிதழ் எழுதித் தரக் கேளுங்கள். அல்லாவிட்டால் கட்டுவதற்கு முன் அரச வைத்தியசாலையில் படம் எடுத்து, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். முறிவு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வதற்கும் அது உதவும்.

காயத்தைச் சொன்னால் தகுதியில்லாதவர் என்று வெட்டிவிடுவார்களோ என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. அரச சேவையில் உடற்தகுதியை வைத்தியப் பரிசோதனை மூலம் பார்ப்பது தெரிவுக்குப் பிறகு. மாறும் முறிவு அதற்குள் மாறிவிடும். மாறாத காயம் உள்ளவர்களும், எறிகணையிலும் மிதிவெடியிலும் அவயவம் இழந்த பலர் எம்மிடையே இருக்கிறார்கள், ஒன்றை அறிய வேண்டும். அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை, தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும்படி 1988 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை பணித்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆள் எடுக்கும்போது உடற்குறையைக் காட்டி ஒருவரைப் பாகுபடுத்தலாகாது என்கிறது. சட்டம் தாளில் இருப்பதற்கும் சபையில் நடப்பதற்கும் இடையே தூரம் உண்டு என்பது உண்மை. அதற்காக மேசையின் கீழ் கையை மறைத்து வைத்திருப்பது அந்தத் தூரத்தைக் குறைக்காது. கேட்கும் முன்னரே ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுத் தன் தகைமையைப் பற்றிப் பேசத் தொடங்குவதே நல்லது.

அழைப்பவர்களிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முகாமிலிருந்து உறவினர் வீடு, அங்கிருந்து வாடகைக் காணி என்று மாறிய குடும்பத்துக்குக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி, நேர்முகத்துக்கு முதல் நாள் வந்து சேருவதும் உண்டு. வர முடியாதவர் யாருக்கு, எந்த இலக்கத்தில், எத்தனை மணிக்குள் அறிவிக்க வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்க்கக் காசு செலவில்லை. சபை கூடும் கடைசி நாளில் ஒரு மணித்தியாலத்தை நோயாளருக்கும் காயப்பட்டோருக்கும் ஒதுக்கினால் "வேறு தினம் வழங்கப்படமாட்டாது" என்ற அந்த வரியும் தேவைப்படாது.

பதில் வராவிட்டால்? பதில் வரவில்லை என்பதை மறுப்பு என்று எடுக்க வேண்டாம். சம்மதம் என்றும் எடுக்க வேண்டாம். நேர்முக நாளன்று காலையில், சபை தொடங்குமுன், வீட்டில் ஒருவரோ அயலவரோ கடிதத்தின் பிரதியோடும் வைத்தியச் சான்றிதழோடும் அங்கே நிற்க வேண்டும். உங்களுக்காக அவர் பதில் சொல்ல முடியாது. கடிதத்தைக் கையில் கொடுத்து, மற்றப் பிரதியில் திகதி முத்திரை வாங்கிவர முடியும். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரைப் பற்றிச் சுவிசேஷத்தில் கேட்டிருக்கிறோம். பஸ் காசும் அரைநாளும் செலவழித்து ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் போதும். முத்திரை குத்திய அந்தப் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும், ஒவ்வொரு முறை ஓடும்போதும் முதலில் தூக்கிய அந்தப் பைக்குள், பிறப்புச் சான்றிதழோடும் காணி உறுதியோடும் சேர்த்து வையுங்கள்.