டாக்டர் மேசைக்கு ஒரு தாள்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் டேட்டா மேனேஜர் வேலை என்றால், நோயாளிகளின் வெள்ளை அட்டையில் இருப்பதைக் கணினியில் ஏற்றி, மாதக் கடைசியில் அறிக்கை அனுப்புவது. எத்தனை பேர் மருந்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வராமல் நின்றுவிட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று மேலிடம் கேட்கும். நான் சேர்ந்த பிறகு மென்பொருள் மாறிவிட்டது. கேள்விகள் அதேதான்.

தாம்பரத்தில் 2004 ஏப்ரலில் இலவச மருந்து தொடங்கியது. அந்தக் காலத்தில் சேர்ந்தவர்களுக்கு இப்போது சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்துவிட்டன. டெனோஃபோவிர் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இந்த மாதம் எவ்வளவு என்பதைவிட, மூன்று வருடமாக எப்படி ஏறுகிறது என்பதே முக்கியம். பழைய மருந்தை ஏன் மாற்றினார்கள் என்பதும் தெரிய வேண்டும். எல்லாம் கணினியில் இருக்கிறது. ஆனால் திரை திரையாகத் தேட வேண்டும். வெளியே வரிசை நிற்கும்போது எந்த டாக்டர் தேடுவார்?

இதற்கு வேறிடத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கென்யாவில் எல்டொரெட் நகரின் பக்கம் மொசோரியட் என்ற ஊரின் சுகாதார மையத்தில் 2001-இல் ஒரு சின்னப் பதிவுமுறை தொடங்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவு மென்பொருள். கென்யாவில் அதைப் பயன்படுத்திய எச்.ஐ.வி. மையங்களில் சிகிச்சை தருபவர் காகிதப் படிவத்தில்தான் எழுதினார். என்னைப் போன்ற ஒருவர் கணினியில் ஏற்றினார். நோயாளி அடுத்த முறை வரும்போது அவருடைய சிகிச்சைச் சுருக்கம் ஒரே தாளில் அச்சாகி மேசைக்கு வந்தது. நோயெதிர்ப்பு அணுக்களை எண்ணும் சி.டி.4 பரிசோதனை செய்து நாளாகிவிட்டால் அதையும் அந்தத் தாளே சொன்னது. அப்படி நினைவூட்டியபோது சிகிச்சை தருபவர்கள் அந்தப் பரிசோதனையை எழுதுவது கூடியதை ஆய்வு செய்தும் காட்டினார்கள். நாங்கள் ஏற்றுகிற தகவலுக்குப் பதிலாக அப்படி ஒரு தாளையாவது நம் மென்பொருள் தர வேண்டாமா?

இன்னொன்றும் கேட்கிறேன். வராதவர்களைத் தேட எங்களிடம் இருப்பது ஒரு தொலைபேசி எண். பலர் தரும் எண்ணில் யாரும் கிடைப்பதில்லை. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் போனை யார் எடுப்பார்கள் என்பது அவர்களுக்குத்தானே தெரியும். 2017-இன் எச்.ஐ.வி. சட்டம் இரகசியம் காக்கச் சொல்கிறது. மென்பொருளோ எண்ணுக்கு மட்டும் கட்டம் வைத்திருக்கிறது. யார் எடுத்தால் பேசலாம், யாரென்று சொல்லிக் கூப்பிடலாம் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். இப்போதைக்கு ஆற்றுப்படுத்துநர் தன் நோட்டில் பென்சிலால் எழுதிவைக்கிறார்: “மாமியார் எடுத்தால் வைத்துவிடவும்.” அவருக்கு மாற்றல் வந்தால் நோட்டும் அவரோடு போய்விடும்.