நாற்கூற்றில் ஒரு கூறு

வாயைக் கட்டினால் உடம்பு தானே இளைக்கும். உடல் பருமன் குறித்து நம்மிடையே புழங்கும் அறிவுரைகள் அனைத்தையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம். உறவினர் சொல்கிறார், மருத்துவர் சொல்கிறார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் சொல்கிறார். சற்றுப் படித்தவராயின் வள்ளுவரையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறார். முன்பு உண்டது செரித்ததை அறிந்து பின்பு உண்பவனுக்கு மருந்தே வேண்டுவதில்லை என்று அவர் அன்றே சொல்லவில்லையா என்பது கேள்வி.

நான் மருத்துவன் அல்லன், தமிழ் பயிற்றுவிப்பவன். ஆதலால் அந்த அதிகாரத்திலிருந்தே தொடங்குகிறேன். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' உடலின் சமநிலை பற்றிய குறளோடு தொடங்குகிறது. அடுத்த ஆறு குறள்கள் உண்பவனை நோக்கிப் பேசுகின்றன. கடைசி மூன்றும் மருத்துவத்தைப் பற்றியவை. நோயின் முதற்காரணத்தைத் தேடச் சொல்வது அவற்றுள் ஒன்று. இறுதிக் குறளோ மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன். நோயாளிக்கு வள்ளுவர் தரும் பங்கு நான்கில் ஒன்று. நாமோ பருமன் என்று வந்தால் மற்ற மூன்றையும் மறந்துவிட்டு, முழுச் சுமையையும் அந்த ஒருவர் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் எண்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் உடல் நிறைக் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு. 2019-21இல் அது 40.4 விழுக்காடு. ஆண்களிடையே 28.2 என்பது 37 ஆயிற்று. ஐந்தே ஆண்டுகளில் பத்தில் ஒரு பெண்ணுக்கு மன உறுதி திடீரெனக் குன்றிவிட்டது என்று எவரேனும் வாதிட முடியுமா? மனித இயல்பு அத்தனை வேகமாக மாறுவதில்லை. மாறியது சுற்றியிருக்கும் உலகம்.

அதே கணக்கெடுப்பு, இதே வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகவும் சொல்கிறது. மிகையும் குறையும் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே உடலில் குடியிருக்கின்றன. இதை வெறும் செழிப்பின் நோய் என்று சொல்லிவிட முடியாது. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியை விரட்டிய அத்திட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வயிறு நிறைவதற்கு ஆகும் செலவும், கீரையும் காயும் பழமும் முட்டையும் வாங்க ஆகும் செலவும் ஒன்றல்ல. என் வகுப்பு மாணவியர் பலர் காலை ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வெறும் வயிற்றோடு கிளம்புகிறவர்கள். பத்து ரூபாய்க்கு அவர்களுக்கு எட்டுவது பொட்டலச் சிப்ஸ்தான்; ஒரு கொய்யாப்பழத்தைக்கூடக் கல்லூரி வாசலில் காண முடிவதில்லை. இதைத் 'தேர்வு' என்ற சொல்லால் குறிப்பது சொல்லுக்கே இழைக்கும் அநீதி.

பசித்தபின் உண் என்னும் அறிவுரை, பசி உண்மை பேசும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. இன்றைய ஆலை உணவு அந்த நம்பிக்கையையே குலைக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் இயல்பான உணவு. இரண்டிலும் பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை ஈடாக இருந்தன. வேண்டிய அளவு உண்ணலாம். ஆலை உணவின்போது அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், எடையும் ஏறியது. மனிதர்கள் மாறவில்லை, தட்டு மாறியது.

உடலின் பரம்பரையும் உண்டு. டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகள் 540 பேரை ஆராய்ந்து ஆல்பர்ட் ஸ்டங்கார்டு குழுவினர் 1986இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களின் உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்ததேயன்றி, சோறூட்டி வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. அண்மையில் வந்துள்ள செமாகுளூடைடு போன்ற ஊசி மருந்துகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. பல்லாண்டு 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று ஏசப்பட்ட ஒருவருக்கு வாரம் ஒரு ஊசியில் பசி அடங்குகிறது. ஊசி அவருடைய ஒழுக்கத்தைத் திருத்தியதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்றே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. நடக்க முடிந்தவர் நடக்கத்தான் வேண்டும். கடையில் கை நீட்டுவது நம் கைதான். சூழலே எல்லாம் என்று சொல்லிக் கைகழுவுவது, மனிதனை இலையில் வைத்ததை எல்லாம் விழுங்கும் பொறியாகக் கருதுவதாகும். அது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. என் வாதம் பங்கீடு பற்றியது. எவர் கையில் எவ்வளவு அதிகாரம் உள்ளதோ அவ்வளவே அவர் பொறுப்பு. நம் வழக்கத்தில் இது தலைகீழாக நடக்கிறது.

2025 பிப்ரவரியில் தம் வானொலி உரையில் பிரதமர், சமையல் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். நல்ல அறிவுரை. அதே ஆண்டு செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ், மிக்சர் ஆகியவற்றின் சரக்கு சேவை வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குடும்பத்திடம் கட்டுப்பாட்டைக் கேட்கும் அரசே ஆலைக்குச் சலுகை தருகிறது. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். அங்கும் வாங்குவதும் தவிர்ப்பதும் மக்கள் விருப்பமே. ஆனால் அறிந்து விரும்புவதற்கான வழியை அரசு திறந்துவைத்திருக்கிறது.

உடனிருந்து கவனிப்பவன் என்ற நான்காம் கூற்றில் அரசும் அடங்கும், கல்லூரி உணவகம் நடத்துபவரும் அடங்குவார், வீட்டாரும் அடங்குவர். பருத்த உடலைக் கண்டதும் அறிவுரை சொல்ல எழும் நாக்கை அடக்குவதும் வாயைக் கட்டுவதுதான். முதலில் நாம் அதைப் பழகலாம். பிறகு, நம் கல்லூரிகளின் வாசலில் என்ன விற்கிறது என்று பார்க்கலாம்.