இன்ஜின் போனா வண்டியே போச்சா?

"பதிமூணு வருஷ வண்டிக்கு எதுக்கு மாமா இவ்வளவு செலவு? தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுங்க." என் டிராக்டர் இன்ஜின் நின்ன இந்த ஒரு மாசத்துல இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. சென்னையில இருக்கிற அக்கா பையன் போன்ல சொன்னான். பெங்களூருல இருக்கிற மச்சான் சொன்னார். டிராக்டர் விக்கிறவர் மலையேறி வீட்டுக்கே வந்து சொன்னார். மூணு பேர்ல ஒருத்தர்கூட, "இன்ஜின்ல எது போச்சு?"ன்னு கேட்கலை. அந்தக் கேள்வி கேட்காம யார் சொல்ற யோசனையும் யோசனையே இல்லைங்கிறது என் கட்சி.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். டிராக்டர் இன்ஜின் உங்க செல்போன் மாதிரி கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் ஓடுற குழாய்க்கு லைனர்னு பேரு. என் வண்டி மாதிரி பல டிராக்டர்கள்ல அந்த லைனரைச் சுத்தித் தண்ணி ஓடும். தேஞ்சா உருவிட்டு வேற போடலாம். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாமே அப்படித்தான். தேயறதுக்குன்னு சில சாமான், நிலைச்சு நிக்கிறதுக்குன்னு பிளாக். இது நாட்டு மெக்கானிக் கண்டுபிடிச்ச தந்திரம் இல்லை. இன்ஜினை வடிவமைச்சவங்களே பிரிச்சுப் பூட்டத்தான் செஞ்சிருக்காங்க.

அப்புறம் ஏன் எல்லாரும் பயப்படறாங்க? பார்வைக்கு அது பயமாத்தான் இருக்கும். லாரிக்கு இருக்கிற மாதிரி டிராக்டருக்குத் தனி சேஸ் பெரும்பாலும் கிடையாது. முன்னாடி இன்ஜின், நடுவுல கிளட்ச் ஹவுசிங், பின்னாடி கியர் பாக்ஸ், மூணையும் போல்ட் போட்டுச் சேர்த்ததுதான் வண்டியோட முதுகெலும்பு. இன்ஜினை இறக்கணும்னா வண்டியையே ரெண்டாப் பிரிக்கணும். முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம் ஜாக்கி மேல நிக்கறதைப் பார்த்தா, இனி இது எங்க எழும்பப்போகுதுன்னு தோணும். அந்த நேரம் பார்த்துத்தான் விக்கிறவர் வருவார்.

என் வண்டிக்கு என்ன ஆச்சுன்னா, ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சது, ஆயில் பால் காபி நிறத்துல வந்தது. பிரிச்சுப் பார்த்தா லைனர் அடியில இருக்கிற ரப்பர் வளையம் வயசாகி விட்டுப்போய், தண்ணி ஆயில்ல இறங்கி, பேரிங்கைத் தின்னிருக்கு. பிளாக்ல விரிசல் இல்லை. கிராங்கை மைக்ரோமீட்டர் வெச்சு அளந்தாங்க. பத்து சைஸ் கிரைண்டிங் போதும்னாங்க. அதாவது கால் மில்லிமீட்டர் கடைஞ்சு, அந்த அளவு பேரிங் போட்டா சரியாயிடும். இன்னும் இருபது, முப்பதுன்னு சைஸ் பாக்கி இருக்கு. கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் ரெண்டும் நல்லா இருக்கு. லைனர் பிஸ்டன் செட்டு, பேரிங், ஹெட் வேலை, பம்ப், நாசில் சரிபார்ப்பு, கூலி எல்லாம் சேர்த்து 82 ஆயிரம்.

இப்போ புது வண்டிக் கணக்கு. எனக்குச் சொன்ன விலை 7 லட்சத்து 20 ஆயிரம். பழசுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் கழிச்சுக்கறேன்னாங்க. மீதி 6 லட்சம் கடன். நூத்துக்கு 12 வட்டின்னு வெச்சாலும் முதல் வருஷ வட்டி மட்டும் 72 ஆயிரம். இன்ஜினை முழுசாச் செஞ்சு ஓட்டற செலவும், புதுசுக்குக் கட்டற ஒரே ஒரு வருஷ வட்டியும் கிட்டத்தட்ட ஒண்ணு. அசல் அப்படியே நிக்குது.

எனக்கு இருக்கிறது நாலு ஏக்கர் மானாவாரி. சாமை, கேழ்வரகு, ஓரத்துல புளியும் பலாவும். சாமை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வரும். தவணை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரும். மழை தவறினா சாமை வராது, ஆனா தவணை தவறாது. இந்த ஒரு கணக்கைப் புரிஞ்சுக்காதவங்க, "இஎம்ஐ தானே"ன்னு லேசாச் சொல்லக்கூடாது.

எதிர்ப்பக்க நியாயமும் இருக்கு. புது வண்டிகள்ல பவர் ஸ்டியரிங் வருது, ஆயில்ல மூழ்கின பிரேக் வருது. பாரம் ஏத்தி மலை இறங்கறவனுக்கு நல்ல பிரேக்கோட அருமை தெரியும். பிளாக்கே வெடிச்சிருந்தாலோ, கிராங்க் கடைசி சைஸையும் தாண்டியிருந்தாலோ, கியர் பாக்ஸும் சேர்ந்து போயிருந்தாலோ, உதிரி கிடைக்காத மாடலா இருந்தாலோ நானும் செலவு பண்ணச் சொல்ல மாட்டேன். "பழைய வண்டி உடைக்கிற இடத்துல முழு இன்ஜினா வாங்கி மாட்டிடு"ன்னும் ஒருத்தர் சொன்னார். அந்த இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எப்படி ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்? இன்ஜின் நம்பர் மாறினா ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சி புக்கையும் மாத்தணும். தெரியாத இன்ஜினை நம்பறதைவிட, பிரிச்சு அளந்து பார்த்த என் இன்ஜினை நம்பறது மேல்.

"வேலை முடியறதுக்குள்ள மழை வந்துட்டா?"ன்னு கேட்பாங்க. நல்ல கேள்வி. மூணு வாரம் ஆகும்தான். அதுவரைக்கும் பக்கத்து நிலத்துக்காரர் பவர் டில்லர் வாடகைக்கு வரும். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகை வண்டிக்கு உழவன் செயலியில பதியலாம். எங்க சரிவு நிலத்துல ஏர் மாடும் இன்னும் இருக்கு. மூணு வார வாடகைக்குப் பயந்து அஞ்சு வருஷக் கடன் வாங்கறது கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற கதை.

சரி, இந்தப் "புதுசு எடு" மந்திரம் வெறும் உறவுக்காரங்க பேச்சு மட்டுமா? இல்லை. ஜிஎஸ்டி வந்த 2017ல இருந்து 2025 செப்டம்பர் வரைக்கும் புது டிராக்டருக்கு வரி 12 சதவீதம். டிராக்டர் டயர், ட்யூப், ஹைட்ராலிக் பம்ப் மாதிரி உதிரிகளுக்கு 18 சதவீதம். அதாவது, இருக்கிறதைச் சரிபண்ணி ஓட்டறவன் அதிக வரி, தூக்கிப்போட்டு வாங்கறவன் குறைஞ்ச வரி. 2025 செப்டம்பர் 22ல ரெண்டையும் 5 ஆக்கினாங்க. நல்லதுதான். ஆனா எட்டு வருஷம் யாருக்கும் இது உறுத்தலையே!

அடுத்தது இன்னும் பெருசு. 50 குதிரைத்திறனுக்கு மேல உள்ள டிராக்டர்களுக்குப் புது புகை விதி 2023 ஜனவரியில வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த இன்ஜின்கள்ல எலக்ட்ரானிக்ஸ் ஏறிடுச்சு. புகை குறையறது நல்லது, அதை எதிர்க்கலை. ஆனா கோளாறு என்னன்னு பார்க்கவே கம்பெனி கம்ப்யூட்டர் வேணும்னா, மலை மேல இருக்கிறவன் என்ன பண்ணுவான்? அமெரிக்காவுலேயே இதுக்குச் சண்டை நடக்குது. கொலராடோ மாநிலத்துல விவசாயிகள் தங்கள் கருவியைத் தாங்களே பழுதுபார்க்கிற உரிமைக்கு 2023ல சட்டம் போட்டாங்க. 2024 ஜனவரி முதல் அது நடைமுறையில இருக்கு. நம்ம நாட்டுல மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு குழு போட்டு, முதல்ல எடுத்த நாலு துறையில விவசாயக் கருவியையும் சேர்த்தாங்க. டிசம்பர்ல இணையதளமும் திறந்தாங்க. இணையதளத்தை வெச்சு நான் பிஸ்டன் மாட்ட முடியாது. கையேடும் உதிரியும் யார் கேட்டாலும் கொடுக்கணும்னு சட்டம் வேணும்.

அது இல்லாம எல்லாரும் புதுசு புதுசுன்னு ஓடினா, கீழே போளூர்லயும் திருப்பத்தூர்லயும் கிராங்க் கடையற லேத் பட்டறைக்கு வேலை இருக்காது. எங்க மெக்கானிக் பையன் வேற பொழப்புக்குப் போயிடுவான். அவன் போனதுக்கப்புறம், கடன் வாங்கி எடுத்த அந்தப் புது வண்டி நிலத்துல நின்னா யாரைக் கூப்பிடுவீங்க?

அதனால ஊர்ல இருக்கிற அண்ணனோ மாமனோ இன்ஜின் போச்சுன்னு போன் பண்ணினா, மூணு கேள்வி கேளுங்க. பிளாக் நல்லா இருக்கா? கிராங்க்ல சைஸ் பாக்கி இருக்கா? உதிரி கிடைக்குதா? மூணுக்கும் ஆமான்னு பதில் வந்தா, புதுசு வாங்கச் சொல்லாதீங்க. முடிஞ்சா ரிப்பேர் செலவுக்கு ஒரு பத்தாயிரம் கைமாத்தா அனுப்புங்க. சாமை வித்ததும் திருப்பிக் கொடுத்துடுவாங்க.