பூந்தோட்டத்தை வரைந்தால் குற்றமா?

பாலக்கோடு பக்கம் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்தில், பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி முதல்முறையாக எண்ணெய் வண்ணத்தில் படம் வரைந்தாள். இரண்டடிக்கு மூன்றடி கான்வாஸ் முழுக்கப் பூ. செண்டுமல்லியின் மஞ்சள், கோழிக்கொண்டையின் சிவப்பு, மேலே கோடு மாதிரி ஒரு மலை. தூரிகையை அழுத்தி இழுத்த தடம் அப்படியே தெரிகிறது. சில இடங்களில் வண்ணத்தைக் கத்தியால் அள்ளி அப்பியிருக்கிறாள்.

பார்க்க வந்த நண்பர் ஒருவர், நம் இயக்கத்துக்கு நெருக்கமானவர்தான், "நல்லா இருக்கும்மா. ஆனா இதுல நம்ம வலி எங்க?" என்று கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைக் காரணம் காட்டி, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய நம் குடியிருப்புகளை எரித்த மாவட்டம் இது. அதை வரையத்தான் வேண்டும். நாக்பூரில் பிறந்த சவி சவார்க்கர், கழுத்தில் கலயமும் பின்னால் துடைப்பமும் கட்டப்பட்ட நம் முன்னோரை வரைந்தார். அந்தப் படங்கள் நமக்குத் தேவை.

ஆனால் அதை மட்டும்தான் வரைய வேண்டுமா? வான்கோ 1885இல் விளக்கு வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு சாப்பிடும் ஏழைக் குடும்பத்தை வரைந்தார். 1888இல் ஆர்ல் நகருக்கு வெளியே ஐரிஸ் பூத்த வயலை வரைந்தார். உலகம் இரண்டையும் அவர் படமென்றே ஏற்றுக்கொண்டது. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு பாடம்? ஊருக்குள் வராதே என்றவர்கள் போட்ட வேலி போதாதா, நாமும் ஒன்று போட வேண்டுமா?

அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். அடிவானம் கான்வாஸின் உச்சியில் நிற்கிறது. மிச்சமெல்லாம் பூ. சாலையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பவருக்கு வயல் அப்படித் தெரியாது. பாத்திக்குள் குனிந்து நிற்பவருக்குத்தான் தெரியும். அவள் அம்மா பூப்பறிக்கக் கூலிக்குப் போகிறவர். மார்க்கெட்டுக்குப் பூ போய்ச் சேர வேண்டுமென்று இருட்டிலேயே கிளம்புவார். விடுமுறை நாளில் மகளும் கூடப் போவாள். நிலம் அவர்களுடையது அல்ல. ஏன் இவ்வளவு வேகமாகத் தீட்டினாய் என்று கேட்டோம். "அம்மா கை அப்படித்தான் போகும்" என்றாள். நண்பர் தேடியது அதில் இருக்கிறது. அந்தப் பூ அவளுக்கு அழகாகவும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாமல் காயவே நாள்கணக்காகும். தடிமனாக அப்பினால் உள்ளே காய மாதக்கணக்காகும். அதுவரை தூசி படாமல், யாரும் இடிக்காமல் வைக்க இடம் வேண்டும். ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் எங்கே வைப்பது? இப்போது அது எங்கள் மையத்து பீரோ மேல் காய்கிறது. வண்ணக் குழாய்களும் நாங்கள் கைக்காசு போட்டு வாங்கியவை.

நிலமில்லாதவர்களுக்கு ஒரு படம் காயவைக்கவும் இடமில்லை. அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர், ஆதிதிராவிடர் நல விடுதிகளில் வண்ணமும் ஓர் அறையும் கேட்போம். அங்கே என்ன வரைவது என்பதை நம் பிள்ளைகள் முடிவு செய்யட்டும்.

ஜெய் பீம்.