"எல்லாம் மனசுதான்" மகான்களுக்கு ஒரு விண்ணப்பம்

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கிட்ட பெண், "கண்ணெதிர்ல இருக்கிற பெருங்காய டப்பா தெரிய மாட்டேங்குது"ன்னு சொன்னா, நம்மாட்கள்கிட்ட ரெடிமேடா ஒரு பதில் இருக்கு: "எல்லாம் மனசுதாம்மா!" கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

கோளாறு கண்ணில் இல்லை மக்களே. பத்துப் பொருளுக்கு நடுவுல வேண்டியதைப் பிரிச்செடுக்கிறது மூளையோட வேலை. அதை அளக்கவும் முடியும். டிரெயில் மேக்கிங்னு ஒரு சோதனை. தாளில் சிதறிக் கிடக்கும் 1 முதல் 25 வரையிலான எண்களை வரிசையாகக் கோடு போட்டு இணைக்கணும். அடுத்த தாளில் 1-ஏ-2-பி என்று எண்ணும் எழுத்தும் மாறி மாறி. எத்தனை நொடி ஆச்சுங்கிறதுதான் கணக்கு.

2017-இல் அமெரிக்காவில் வெளியான ரோசெஸ்டர் பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வில் 581 நோயாளிகள், நோயில்லாத 364 பெண்கள். கீமோ முடிந்து 6 மாதம் கழிச்சும், முன்ன மாதிரி நினைவும் கவனமும் இல்லைன்னவங்க 36.5 சதவீதம். நோயில்லாதவர்களில் 13.6தான். "அது அவங்க சொல்றதுதானே?" என்பீர்கள். அதே குழு 2018-இல் சோதனை வைத்துப் பார்த்த முடிவுகளையும் வெளியிட்டது. பார்த்ததை நினைவில் வைப்பதிலும் கவனத்திலும் நோயாளிகள் பின்தங்கியிருந்தார்கள்.

பழி முழுக்கக் கீமோ மேல்தானா? இல்லை. சிலருக்குக் கீமோ தொடங்குமுன்பே மதிப்பெண் குறைவு. தூக்கமின்மை, சோர்வு, ஹார்மோன் மாத்திரைன்னு வேற காரணங்களும் உண்டு. அதனாலதான் சொல்றேன், கீமோவுக்கு முன்னாடி ஒருதடவை, பின்னாடி ஒருதடவை அளந்து பாருங்க. 95 எடுத்துக்கிட்டிருந்தவங்க 65-க்கு இறங்கினா, பின்னாடி மட்டும் பாக்கிறவங்களுக்கு அது "பாஸ்"தான். இறங்கினது அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

என் சித்தி, வண்டி ஓட்டும்போது பக்கவாட்டில் வரும் ஆட்டோ மனசுல பதிய மாட்டேங்குதுன்னு ஒரு மருத்துவரிடம் சொன்னார். "வயசாகுதில்ல?" என்றாராம். சித்திக்கு வயது 46!

ஏபிசிடி தெரியாதவங்களுக்கு இந்தச் சோதனை எப்படின்னு சாக்கு சொல்லாதீங்க. எழுத்துக்குப் பதில் நிறத்தை வெச்சு கலர் டிரெயில்ஸ்னு ஒண்ணு இருக்கு.

முடி கொட்டும், வாந்தி வரும்னு முன்கூட்டியே சொல்றீங்கல்ல? "கொஞ்ச நாள் கவனம் சிதறலாம், வண்டி ஓட்டும்போது ஜாக்கிரதை"ன்னு சேர்த்துச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அதைச் சொல்லாம விட்டா, தனக்குப் பைத்தியம் பிடிக்குதோன்னு அந்தப் பெண் ராத்திரியெல்லாம் தனியா பயந்துக்கிட்டுக் கிடப்பா.

டாக்டர் பதிவர்களே, ஆட்டோ அனுப்பாம பின்னூட்டத்துல வந்து பேசுங்க.